தரமான வறுமை

வறுமைக்குள் நுழைவதற்கு முன் குளிக்க வேண்டும் என்பது அந்த ஆராய்ச்சி நிலையத்தின் முதல் விதி. குளித்துவிட்டு, நிலையம் கொடுக்கும் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலைக்கு ஓர் உறை, வாய்க்கு ஓர் உறை, காலுக்கு இரண்டு உறை என்று போர்த்திக்கொண்டு, சில்லென்று காற்று ஊதும் சின்னக் கூண்டில் இருபது விநாடி நின்றால்தான் இரண்டாம் அறையின் கதவு திறக்கும். உள்ளே நாற்பது எலிகள் பட்டினி கிடக்கும்.

பட்டினி என்று சொல்லக் கூடாது என்பது இரண்டாவது விதி. 'குறை உணவுச் சூழல்' என்று சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக அங்கே எலிகளுக்குத் தீனி வைக்கும் தீனிக்காரருக்கு அந்த வார்த்தைகள் நாக்கில் புரளாது. 'அந்த ரூமு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ஏழைகள் ஏன் இளைக்கிறார்கள், ஏழைப் பிள்ளைகள் ஏன் மாதத்துக்கு ஒரு தரம் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் விழுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்காக அரசாங்கம் அந்த நிலையத்தைக் கட்டியிருந்தது. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட நூறு வீடுகள். அங்கே போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும். ஆனால் இயக்குநர் தன் ஜன்னலுக்குக் கனமான திரை போட்டிருந்தார். ஆய்வாளர் முன்கூட்டியே எதையும் பார்த்துவிடக் கூடாதாம், முடிவு கெட்டுவிடுமாம்.

"வெளியில இருக்கற வறுமைய நம்ப முடியாது," என்பார் அவர், வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம். "ஒரு நாள் ஒண்ணுமே இருக்காது. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணம் ஏதாவது குடுத்துடுவா. சீரே கிடையாது. இங்க பாருங்க, திங்கக்கிழமை என்னவோ அதேதான் ஞாயித்துக்கிழமையும். பதினோரு வருஷ உழைப்பு சார். இதுதான் தரமான வறுமை."

அவர் சொன்னதில் பொய் இல்லை. முதல் அறை எலிகளுக்கு நல்ல தீனி, சாதாரணக் கடைச் சரக்கு. இரண்டாம் அறைக்கு வரும் சத்தில்லாத தீனி கப்பலில் வந்தது. சத்தைத் துல்லியமாகக் குறைக்கத் தனித் தொழிற்சாலை இருக்கிறதாம், விலையும் மூன்று மடங்கு. ஏழைகள் குடிக்கும் தண்ணீர் எப்போதும் சுத்தமாக இருக்காது என்பதால் இரண்டாம் அறைத் தண்ணீரில் அழுக்கும் கலக்க வேண்டும். அந்த அழுக்கு சின்னக் குப்பிகளில், குளிர்சாதனப் பெட்டிக்குள், எண் ஒட்டி இருந்தது. தெருவோரச் சாக்கடையில் ஒரு கரண்டி எடுத்தால் போதாதா என்று புதிதாகச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் கூட்டத்தில் கேட்டார். அவருக்கு இப்போது வேறு ஊரில் வேலை.

தீனிக்காரருக்கு இதில் எல்லாம் அபிப்பிராயம் எதுவும் இல்லை. அவர் குடியிருந்தது அந்தத் தகர வீடுகளில் ஒன்றில். மனைவி ஒரு தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே மகள். ஏழு வயது, பார்த்தால் ஐந்துதான் மதிக்கலாம். அதனால் எல்லோருக்கும் அவள் பொடிசு. பள்ளிக்கூடத்து நர்ஸ் அவளை எடைபோட்டுப் பார்த்துவிட்டு, எடை அட்டையில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கிறாள் என்று சொல்லி, காலையில் முட்டை கொடுக்கும் பட்டியலில் சேர்த்திருந்தாள். தினம் ஓர் அவித்த முட்டை. நாலே மாதத்தில் பிள்ளைக்கு ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. காய்ச்சல் வரவில்லை. படிக்கட்டில் ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. சண்டை போடக்கூடத் தெம்பு வந்திருந்தது. வீட்டில் ஒரு நல்லது நடந்தது என்றால் அந்த முட்டைதான்.

இனி அவர் செய்த தப்புக்கு வருவோம்.

முதல் அறைத் தீனி விரல் நீளக் கட்டிகளாக வரும். மூட்டை அடியில் கொஞ்சம் உடைந்து கிடக்கும். உடைந்ததை எலிக்குப் போடக் கூடாது, எடை சரியாகத் தெரியாதாம். எரித்துவிட வேண்டும். உடைந்த தீனியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உலையை நோக்கி நடக்கும்போது இரண்டாம் அறை வழியாகத்தான் போக வேண்டும். காலடிச் சத்தம் கேட்டதும் நாற்பது மூக்குகள் கம்பிக்கு வெளியே நீளும். மயிர் கொட்டி, வால் மட்டும் நீண்டு, கண் பெரிதாக நிற்கும். சோற்றுக்கு வழியில்லாத வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தக் கண் தெரியாதா? ஒரு நாள் மனசு கேட்கவில்லை. சட்டைப் பையில் இருந்த உடைசலை நாலைந்து கூண்டுகளில் போட்டார். மறுநாள் மற்றவையும் கேட்டன. அப்புறம் நாற்பதுக்கும் சமமாகப் பங்கு வைக்க வேண்டியதாயிற்று. உடைசல் போதாத அன்று அவரே நாலு கட்டியை உடைத்தார். மூன்று மாதம் இப்படியே ஓடியது. தினமும் பதிவேட்டில் 'விதிப்படி உணவு வழங்கப்பட்டது' என்று கையெழுத்தும் போட்டார்.

எடை பார்க்கும் நாள் வந்தது. வறுமை எலிகளின் சராசரி இருநூற்று ஐந்து கிராம். வசதி எலிகளுக்கும் கிட்டத்தட்ட அதேதான். நிலையமே திகைத்து நின்றது.

வேறு இடமாக இருந்தால் யாராவது தீனி மூட்டையைப் போய்ப் பார்த்திருப்பார்கள். இங்கே ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு மூன்று முறை கூடி, மூன்று முறையும் பிஸ்கட் சாப்பிட்டு, இது பிழை அல்ல, கண்டுபிடிப்பு என்று முடிவு செய்தது. மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் எலியைக் கெல்லி மலையைப் பிடித்துவிட்டார்கள்.

விழா எடுத்தார்கள். துறைச் செயலாளர் வந்தார். இயக்குநர் மேடையில் குரல் தழுதழுக்கப் பேசினார். "ஏழை உடம்பு ஏமாளி இல்ல. குறைச்சலா குடுத்தா நிறைவா எடுத்துக்குது. இயற்கை அதுக்கு அவ்வளவு திறமை குடுத்திருக்கு. முட்டை, பாலுன்னு குடுத்துக் குடுத்து அந்தத் திறமைய நாமதான் மழுங்கடிச்சிட்டிருக்கோம். ஏழைகள் மேல எனக்கு இருக்கற மரியாதையாலதான் இதைச் சொல்றேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். நாற்காலி அடுக்க நின்றிருந்த தீனிக்காரரும் சேர்ந்து தட்டினார். தன் எலிகளைப் பாராட்டுகிறார்கள் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட.

மூன்றாவது வாரம் பொடிசு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காகிதம் கொண்டுவந்தாள். 'அண்மைய ஆய்வு முடிவின் அடிப்படையில், வரும் திங்கள் முதல் முட்டை வழங்குவது நிறுத்தப்படுகிறது.' கீழே ஆய்வு செய்த நிலையத்தின் பெயர் இருந்தது.

"ஏங்க, இது உங்க ஆபீசு பேரு ஆச்சே," என்றாள் மனைவி. "என்னத்தக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் எழுந்தார். உட்கார்ந்தார். குழாயடி வரைக்கும் போய்த் தண்ணீர் பிடிக்காமலே திரும்பி வந்தார். பிறகு நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். மனைவி மெதுவாகத்தான் கேட்டாள்.

"எலிக்கு எரக்கப்பட்டு, பெத்த பொண்ணு வாயில மண்ணப் போட்டீங்களா?"

அன்றிலிருந்து அவருக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். மகளின் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார். முட்டை நின்ற இரண்டாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அவர் நேராக நிலையத்தின் கால்நடை மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். அங்கே கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கிற ஆள் அந்த அம்மா ஒருத்திதான்.

"எனக்கு அப்பவே சந்தேகம்," என்றார் மருத்துவர். "உங்க காலடிச் சத்தம் கேட்டா எல்லாம் எழுந்து வந்து நிக்குதே. வாங்க, இயக்குநர்கிட்டப் போவோம்."

இயக்குநர் அறையில் புள்ளிவிவர அலுவலரும் இருந்தார். தீனிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், நான் தப்பு பண்ணிட்டேன். அந்த ரூமு எலிக்கெல்லாம் நல்ல தீனி போட்டேன். அதனாலதான் கொழுத்துச்சு. நீங்க கண்டுபிடிச்சது சரியில்ல சார்."

இயக்குநர் பதிவேட்டை வரவழைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதுல அப்படி ஒண்ணும் இல்லையே."

"திருட்டுத்தனமாப் போட்டேன் சார். அதை எப்படி எழுதுவேன்?"

"எழுதாதது நடக்காதது," என்றார் புள்ளிவிவர அலுவலர். "அதுவும் இல்லாம, விதிப்படி வழங்கினதா தொண்ணூறு கையெழுத்து போட்டிருக்கீங்க. தொண்ணூறு பேர் ஒரு மாதிரி சொல்றாங்க, இன்னிக்கு ஒருத்தர் வந்து வேற மாதிரி சொல்றாரு. நான் யாரை நம்பறது?"

"தொண்ணூறும் நான்தானே சார்."

"அப்ப நீங்களே உங்களுக்கு எதிரா இருக்கீங்க. அது உங்க குடும்ப விஷயம்."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சரி, பேச்சுக்கு வெச்சுக்குவோம். இரக்கப்பட்டுப் போட்டேன்னு சொல்றீங்க. அதுக்கு நெறிமுறைக் குழு அனுமதி வாங்கினீங்களா?"

"இரக்கப்படறதுக்கா சார்?"

"வாயில்லா ஜீவன் சம்பந்தப்பட்ட எதுவா இருந்தாலும்."

கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்ட கதையாகிவிடுமோ, வேலையும் போய்விடுமோ என்று தீனிக்காரர் நடுங்கிக்கொண்டிருந்தபோது மருத்துவர் குறுக்கிட்டு, எதற்கும் இன்னொரு தடவை செய்து பார்த்துவிடலாமே என்றார். மறு ஆய்வு என்றதும் இயக்குநர் முகம் மலர்ந்தது. மறு ஆய்வுக்குப் புது நிதி வரும். முடிவு வேறு மாதிரி வந்தால் முட்டை விஷயத்தை மறுபடி பார்க்கச் சொல்லி அவரே துறைக்கு எழுதுவதாகவும் வாக்குக் கொடுத்தார். புதிதாக நாற்பது எலிகள் வந்தன.

தீனிக்காரர் ஆளே மாறிப்போனார். மூட்டை அடியில் கிடந்த உடைசலைப் பொடிப் பொடியாகக் கூட்டி அள்ளி உலையில் போட்டார். சட்டையை மனைவியிடம் கொடுத்துப் பைகளைத் தைத்து மூடச் சொன்னார். எலிகள் மூக்கை நீட்டினால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார். 'இளைச்சுப் போங்க, நல்லா இளைச்சுப் போங்க' என்று முணுமுணுத்துக்கொண்டே தீனி வைத்தார். அவையும் இளைத்தன. அப்போதுதான் இன்னொரு விதி தலைகாட்டியது.

நிலையத்தில் விலங்கு நலக் குழு என்று ஒன்று இருந்தது. எந்த எலியாவது நூற்றிருபது கிராமுக்குக் கீழே இறங்கினால் அதற்கு மேல் அதைத் துன்புறுத்துவது பாவம் என்று உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். கதகதப்பான தனி அறையில், பஞ்சு விரித்து, அவித்த முட்டையும் பாலும் கொடுப்பார்கள். முட்டையை அவித்து உரிக்கிற வேலை தீனிக்காரருடையது. வீட்டில் முட்டை இல்லாத அந்த மூன்று மாதமும் அவர் எலிகளுக்குத் தினமும் முட்டை உரித்தார். ஓடு விரலில் ஒட்டும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது.

அதைவிடப் பெரிய இடி புள்ளிவிவர அலுவலரிடமிருந்து வந்தது. வெளியே எடுத்த எலிகள் சராசரியில் சேராதாம்.

"ஆய்வை முடிக்காததை எப்படிச் சேர்க்கறது?"

"இளைச்சதாலதானே சார் முடிக்கல? நாம பாக்கறதே இளைக்குதா இல்லையான்னுதானே?"

"காரணத்துக்கு வேற பத்தி இருக்கு. அதுல வரும்."

"ஒருவேளை செத்துட்டா?"

"தானா விலகிக்கிட்டதா அர்த்தம்."

விஷயம் இதுதான். நூற்றைம்பது கிராமுக்கு மேலே நின்றால், வறுமை ஒன்றும் செய்யவில்லை என்பார்கள். நூற்றிருபதுக்குக் கீழே போனால் எலியே கணக்கில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இளைக்க வேண்டும், ஆனால் அளவாக இளைக்க வேண்டும். இருபது எலியாவது மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் ஆய்வே செல்லாது. தீனிக்காரர் கயிற்றில் நடந்தார். தினமும் மருத்துவரோடு நின்று எடை பார்ப்பார். ஒன்று நூற்றிருபத்தொன்றுக்கு வந்துவிட்டால் அவருக்கு வியர்க்கும். ஒன்று இரண்டு கிராம் ஏறினாலும் வியர்க்கும். வீட்டுக்குப் போனால் பொடிசையும் கண்ணால் எடைபோடுவார். அவளை வெளியே எடுக்க எந்தக் குழுவும் கோடு கிழித்து வைத்திருக்கவில்லை. அவள் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தாள்.

கடைசி நாள் காலையில் சரியாக இருபது எலிகள் மிஞ்சியிருந்தன. எல்லாம் நூற்றிருபதுக்கும் நூற்றைம்பதுக்கும் நடுவில். பத்து மணிக்குக் கடைசி எடை. ஒன்பதே காலுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி. காலை வரிசையில் நிற்கும்போது பொடிசு மயங்கி விழுந்துவிட்டாள்.

மனைவிக்குச் சலவைக்கூடத்தில் பாதி வேலையில் வெளியே வர முடியாது. அவர் ஓடிப்போய் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கே வந்தார். மருத்துவர் அவளை முட்டை அவிக்கும் அறையில் ஒரு முக்காலியில் உட்கார வைத்துக் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். தராசில் நிறுத்திப் பார்த்தார். முட்டை தின்று ஏறிய ஒன்றரைக் கிலோவும் போய், அதற்குக் கீழேயும் போயிருந்தது.

"இவ எலியா இருந்தா போன மாசமே வெளியில எடுத்திருப்பேன்," என்றார் அந்த அம்மா. சொன்ன பிறகு அவர் தீனிக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே எடுத்த எலிகளுக்கு அவித்திருந்ததில் ஒரு முட்டையை எடுத்து மகளின் கையில் வைத்துவிட்டு, எடை பார்க்கும் தாள்களை எடுக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து இருபது கூண்டுகளையும் தள்ளுவண்டியில் ஏற்றி எடை அறைக்குக் கொண்டுபோகும் வழியில் அங்கே நிறுத்தியிருந்தார்கள். தீனிக்காரர் தண்ணீர் எடுக்கத் திரும்பினார். திரும்பிப் பார்த்தால், பொடிசு முட்டையைப் பாதியாகப் பிட்டு, மஞ்சள் கருவைக் கம்பி வழியாக ஓர் எலிக்கு நீட்டிக்கொண்டிருந்தாள்.

"போடாதே!"

அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. கை உதறி, கரு உள்ளே விழுந்தது. எலி இரண்டு முன்னங்காலாலும் அதைப் பிடித்துக்கொண்டது. அவர் கூண்டைத் திறந்து கையை விட்டுப் பிடுங்கினார். எலி விடவில்லை. விரலைக் கடித்தது. அவர் அதன் தாடையை அழுத்தி, வாய்க்குள் போனதையும் நகத்தால் தோண்டி எடுத்தார்.

"பசிக்குதுப்பா அதுக்கு," என்றாள் பொடிசு அழுதுகொண்டே.

"பசிக்கட்டும்! அது இளைச்சிருந்தாத்தான் உனக்கு முட்டை வரும். புரியுதா? எடை ஏறிடுச்சுன்னா குடுக்க மாட்டாங்க!"

வாசலில் கைதட்டல் கேட்டது. இயக்குநர் நாலு விருந்தாளிகளோடு நின்றுகொண்டிருந்தார். "பாத்தீங்களா? சொந்தப் பொண்ணு போட்டதையே எலி வாயிலேர்ந்து பிடுங்கறாரு. ஒன்பது வருஷமா இவரு இங்க கத்துக்கிட்டது இது. இப்படி ஓர் ஊழியர் இருக்கற வரைக்கும் நம்ம வறுமைய யாரும் கலப்படம் பண்ண முடியாது." விருந்தாளிகளில் ஒருவர் வந்து அவருடைய ரத்தம் கசியும் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எடை போட்டார்கள். சராசரி நூற்று முப்பத்தொன்று. தீனிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மருத்துவர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். முட்டை வந்துவிட்டது என்றே தீனிக்காரர் நினைத்துக்கொண்டார்.

புள்ளிவிவர அலுவலர் தாளில் ஏதோ கூட்டி வகுத்தார். "முதல் ஆய்வு இருநூத்தஞ்சு. இது நூத்தி முப்பத்தொண்ணு. ரெண்டையும் சேர்த்தா சராசரி நூத்தி அறுபத்தெட்டு. நூத்தம்பதுக்கு மேல. பிரச்சினை ஒண்ணும் இல்ல."

"சார், முதல்ல பாத்தது நான் தீனி போட்டுக் கெடுத்தது சார். அதை ஏன் சேர்க்கறீங்க?"

"தொண்ணூறு கையெழுத்து இருக்கே."

"ரெண்டு ஆய்வையும் நாம சமமா மதிக்கறோம்," என்றார் இயக்குநர் கனிவாக. "ஒண்ணை ஒதுக்கினா அது அநியாயம். உங்களுக்கு இன்னும் மனக்குறை இருந்தா மூணாவது ஆய்வு ஒண்ணு பண்ணலாம். நான் இன்னிக்கே எழுதிப் போடறேன்."

தீனிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர்கள் அதற்குள் தேநீருக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அவர் முட்டை அவிக்கும் அறைக்குத் திரும்பினார். பொடிசு அதே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மீதிப் பாதி முட்டை அப்படியே கையில் இருந்தது. ஒரு கடிகூடக் கடிக்கவில்லை. அவர் அவள் முன்னால் மண்டியிட்டார்.

"கத்திட்டேன் கண்ணு. அப்பா இனிமே கத்த மாட்டேன். நீ சாப்பிடு."

"வேணாம்ப்பா."

"ஏன்டா? பசிக்கலையா?"

"பசிக்குது." அவள் முட்டையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "சாப்பிட்டா எடை ஏறிடும்ல? எடை ஏறினா முட்டை குடுக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்னே. நான் இளைச்சே இருக்கேன்ப்பா. அப்பத்தான் திருப்பிக் குடுப்பாங்க."

அவர் முட்டையை வாங்கிப் பிட்டு அவள் வாயருகே கொண்டுபோனார். பொடிசு உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.